பர்கண்டியில் மூன்று நாள்

ஜூலை வெயிலில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் ஒரு முழு வட்டச் சீஸ் உருகினால், ஈரச் சப்பாத்தையும் மாட்டுக்கொட்டிலையும் ஒன்றாகக் கட்டி வைத்ததுபோல ஒரு நாற்றம் எழும். அம்மாவுக்குப் பிடிக்காது என்பதற்காகவே அப்பா அதை வாங்கினார் என்று இன்றும் நம்புகிறேன். முன் ஆசனத்தில் துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த அம்மா, பின்னாலிருந்த என்னிடம், "கொப்பரிட்டைச் சொல்லு, செத்த எலியைக் காருக்குள்ளை வைச்சிருக்கிறாரோ எண்டு" என்றார். அரை முழத் தூரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அப்பா, "கொம்மாட்டைச் சொல்லு, மூக்கோடை சேத்து வாயையும் மூடச் சொல்லி" என்றார். இரண்டையும் நான் சொல்லவில்லை. இருவருக்கும் காது நன்றாகவே கேட்டது.

அது 2004ஆம் ஆண்டின் கோடை. எனக்குப் பன்னிரண்டு வயது. ஒஸ்லோவில், ஃபுருசெத் பகுதியின் அடுக்குமாடி ஒன்றில் இருந்தோம். அப்பா ஒரு பேக்கரியின் லொறி ஓட்டினார், அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். ஊரில் போர் நின்ற சமாதான காலம் என்பதால் பாதை திறந்திருந்தது. எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் யாழ்ப்பாணம் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தன. கரவெட்டியில் இருந்த தன் தகப்பனை, என் அம்மப்பாவை, அம்மா பதினைந்து வருடமாகக் கண்டிருக்கவில்லை. அவருக்கென்று மூட்டுவலித் தைலமும் சவர அலகுகளும் மெல்லிய பருத்திச் சட்டைகளும் வாங்கி அலுமாரிக்குள் சேர்த்துவைத்திருந்தார். அப்படியிருக்க, ஒரு மாலை அப்பா வேலையால் வந்து, பர்கண்டி என்கிற பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் பழைய கல்வீடு ஒன்றை இரண்டு வாரத்துக்கு எடுத்துவிட்டதாக அறிவித்தார். "பிள்ளை இஞ்சை பிறந்தது. ஐரோப்பாவைப் பாக்கட்டும், சரித்திரத்தைப் பாக்கட்டும்" என்றார். அம்மா "ஓம்" என்றும் சொல்லவில்லை, "ஏலாது" என்றும் சொல்லவில்லை. புறப்பட்ட நாளிலிருந்து அப்பாவோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார்.

டென்மார்க்குக்குக் கப்பலில் போய், ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளைத் தாண்டி, மூன்றாம் நாள் நாங்கள் போய்ச் சேர்ந்த அந்த வீட்டின் தடித்த சுவர்களுக்குள் குளிர்ச்சி இருந்தது, எங்களுக்குள்தான் இல்லை. முதல் மாலையே சமையலறையில் போர் தொடங்கியது. அம்மா ஒஸ்லோவிலிருந்து கொண்டுவந்த "ரைஸ் குக்கரில்" தனக்கும் எனக்கும் மட்டும் சோறு போட்டு, நெத்தலிக்கருவாட்டைப் பொரித்தார். அப்பா பக்கத்துக் கிராமத்துச் சந்தைக்குப் போய், பாணும் சீஸும் உப்பிட்ட பன்றித்தொடையும் வாங்கிவந்து, ஒவ்வொரு துண்டையும் வாயில் போட்டபின் "அருமை" என்றார். உணவகம் ஒன்றில் வைனில் வேகவைத்த கோழி வந்தபோது அம்மா தன் தட்டைத் தள்ளிவைத்து, "சாராயத்திலை அவிச்ச கோழியை வெறிகாரர்தான் தின்பினம்" என்று மேசைவிரிப்பைப் பார்த்துச் சொன்னார். அப்பா அவருடையதையும் எடுத்துச் சாப்பிட்டார். அன்று பின்னேரம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததை அம்மா கதவடியில் நின்று திருப்தியோடு பார்த்தார்.

எனக்கோ அந்த வீடு பிடித்திருந்தது. காரணம் ஆறு. வீட்டின் பின்பக்கமாக வயல் வரம்பில் பத்து நிமிடம் நடந்தால், அடியில் கூழாங்கல் தெரியும் ஒரு சின்ன ஆறு இருந்தது. பக்கத்துப் பண்ணைச் சிறுமிகள் அங்கே கயிறு கட்டி ஊஞ்சலாடிக் குதிப்பார்கள். மொழி தெரியாமலேயே என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வோர் ஓகஸ்டிலும் வகுப்பில் "சொம்மர்ஃபேரி", கோடை விடுமுறை, எப்படிப் போனது என்று ஆசிரியை கேட்கும்போது பொய் சொல்லியே பழகியவளுக்கு, முதல் தடவையாகச் சொல்ல உண்மையாக ஒன்று கிடைத்திருந்தது.

எட்டாம் நாள் காலை அப்பாவின் கைத்தொலைபேசி அடித்தது. கரவெட்டியிலிருந்து அம்மாவின் சகோதரர், என் மாமா. வீட்டில் இருந்தது அந்த ஒன்றுதான். அவர் முற்றத்து வாதுமை மரத்தடிக்குப் போய்க் கதைத்தார். நான் மறுபக்கத்தில் நீச்சல் உடுப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "எப்ப விழுந்தவர்? கதைக்கிறாரோ? ... இல்லை மச்சான், இப்ப அவவுக்குச் சொல்லவேண்டாம். லீவு முடியட்டும்." திரும்பியவர் என்னைக் கண்டார். கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு, "அம்மப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை. சொன்னா இண்டைக்கே எல்லாத்தையும் கட்டவேணும்" என்றார்.

எல்லாத்தையும் கட்டவேண்டும் என்றால், ஆற்றையும் விட்டுப் போகவேண்டும். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். அம்மப்பா எனக்கு ஒரு படத்தில் இருந்த மெலிந்த மனிதர். நான் தலையாட்டிவிட்டு ஆற்றுக்குப் போனேன். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். மூன்று நாளும் அம்மா என் தலையைத் துவட்டிவிட்டார்.

பதினோராம் நாள் ஒரு கோட்டையைப் பார்க்கப் போனோம். வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் சொன்னதை அப்பா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். புரட்சிக் காலத்தில் அந்தக் குடும்பம் உயிரைக் காக்க ஓடியதாம். பல வருடங்கள் கழித்து மகன் திரும்பி வந்து வீட்டை மீட்டுக்கொண்டானாம். அதோ அதே கட்டில், அதே மணிக்கூடு. அப்பா சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "பாத்தியே பிள்ளை, ஓடினவனுக்கும் வீடு திரும்பக் கிடைச்சிருக்கு."

அப்போதுதான் அம்மா, இரண்டு வாரத்தில் முதல் தடவையாக, நேராக அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். "உங்கடை வீடு கிடைக்கேல்லை எண்டதுக்கு என்ரை அப்பாவை நான் ஏன் பாக்கக்கூடாது?"

அப்பாவின் ஊர் மயிலிட்டி. சமாதான காலத்திலும் அது இராணுவத்தின் வேலிக்குள்தான் இருந்தது. அது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நீர் போய் உம்மடை முத்தத்திலை நிப்பீர்" என்றார் அப்பா. குரல் அந்தப் பெரிய மண்டபத்தில் எதிரொலித்தது. "நான் எங்கை நிக்கிறது? முள்ளுக்கம்பிக்கு வெளியிலை நிண்டு எட்டிப் பாக்கவோ?"

"அதை வாயைத் துறந்து சொல்லியிருக்கலாமே! சொன்னா நான் தனியப் போயிருப்பன். சரி, வாற வருசம் போறன். அப்பா இருப்பார்தானே."

அந்தக் கடைசிச் சொற்களை என்னால் தாங்க முடியவில்லை. "அம்மப்பாவுக்குச் சுகமில்லையாம். மாமா எடுத்தவர்" என்றேன்.

வழிகாட்டிப் பெண் மற்றவர்களை அடுத்த அறைக்குக் கூட்டிப்போய்விட்டார். அம்மா அப்பாவிடம், "எப்ப?" என்றார்.

"மூண்டு நாள்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்ப தெரியும்?"

நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார். "அவளுக்கு இண்டைக்குக் காலமைதான் சொன்னனான். பிள்ளையிலை பாயாதையும்."

அம்மா அதை நம்பினார். அன்றே அப்பா அம்மாவை ஒரு சிறிய ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார், வழியனுப்ப நானும் போனேன். அம்மா கடவுச்சீட்டையும் ஒரு தோள்பையையும் மட்டும் எடுத்துக்கொண்டார். பாரிஸில் இருந்த தன் பள்ளித் தோழியின் வீட்டுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு விமானம் எடுப்பதாக என்னிடம் சொன்னார். அப்பா பையைத் தூக்கக் கை நீட்டினார். "என்ரை சாமானைத் தொடாதையுங்கோ" என்றார் அம்மா. ரயில் வரும்வரை மூவரும் மேடையின் மூன்று மர வாங்குகளில் இருந்தோம்.

அம்மா கரவெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மப்பாவுக்கு உயிர் இருந்தது, பேச்சு இருக்கவில்லை. இரண்டு நாளுக்கு முன்தான் நின்றதாம். அதுவரை அவர் எல்லோரோடும் கதைத்திருக்கிறார். மகளின் பெயரைச் சொல்லிக் கேட்டும் இருக்கிறார். அம்மா ஒன்பது நாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, எரித்துவிட்டுத் திரும்பி வந்தார். அதன்பின் அம்மாவும் அப்பாவும் ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் எதிரிகளாகவே பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தார்கள். "அந்தாள் என்னட்டையிருந்து மூண்டு நாளைக் களவெடுத்தவர்" என்று அம்மா வருபவர் எல்லோரிடமும் சொன்னார். அப்பா ஒருநாளும் மறுக்கவில்லை. என் பெயரை எடுக்கவுமில்லை.

இப்போது அப்பா இல்லை. அந்தச் சமாதானமும் எப்போதோ முடிந்துபோய்விட்டது. அம்மா ஒஸ்லோவுக்கு அருகில் ஸ்ட்ரோம்மனில் தனியாக இருக்கிறார். போன பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு, அவர் லீக்ஸ் நறுக்கிக்கொண்டு மறுபடியும் அந்த மூன்று நாளைப் பற்றித் தொடங்கியபோது, எனக்கும் முதல் நாளே தெரியும் என்று சொன்னேன். ஆற்றைப் பற்றியும் சொன்னேன்.

கத்தி நின்றது. "அப்ப அந்தாள் ஏன் அதைச் சொல்லேல்லை?" என்று கேட்டார். எனக்காகத்தான் என்றேன்.  அம்மா நறுக்கியதை எல்லாம் சட்டிக்குள் தள்ளினார், கையைக் கழுவினார், என் மேலங்கியை எடுத்துவந்து தந்தார்.

"இனி வரேக்கை ஃபோன் எடுத்துக் கேட்டுப்போட்டு வா" என்றார்.

அப்படித்தான் போகிறேன்.