ஆர்த்தா தேவாலயப் படியில் இருந்த ஆள்

போன சனிக்கிழமை லண்டன் கிங்ஸ்பரியில் தலைமயிர் வெட்டப் போனேன். சலூனில் கூட்டம். முறை வரும்வரை பக்கத்து டிரவல் ஏஜென்சியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றேன். கடற்கரை, குடை, நீலத் தண்ணீர்… எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு படம். சின்ன மலை. மலைச் சரிவில் மஞ்சள் கல் வீடுகள். உச்சியில் மதில் சூழ்ந்த ஒரு கோயில்.

ஏஜென்சியை நடத்துகிற பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான்.

“என்ன அண்ணை, வெளியில நிண்டு பாக்கிறியள்? மயோர்க்கா நல்ல இடம். அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒருக்காப் போட்டு வாங்கோவன். முந்திப் போயிருக்கிறியளோ?”

“இல்லைத் தங்கச்சி,” என்றேன்.

பொய்.

அந்தப் படத்தில் இருந்த ஊருக்கே போயிருக்கிறேன். ஆர்த்தா என்று பெயர். ஸ்பெயின்காரரின் தீவு மயோர்க்கா. அதன் கிழக்குப் பக்கம், மலையில் ஏறிக்கிடக்கிற பழைய ஊர். பல நூறு வருடத்து மதில், சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே உச்சிவரை போகிற கல் படிகள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் “அழகு, அழகு” என்கிறார்கள். அழகுதான். நான் அதைப் பார்க்கப் போகவில்லை.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கலியாண வீட்டில் கடைசி வரிசையில் இருந்து, சாப்பாடு முடிந்ததும் முதலில் எழும்பிப் போகிறவன். கடையில் மிச்சக் காசு குறைவாகத் தந்தாலும் கேட்க மாட்டேன். இதையெல்லாம் சிரிப்பாக எழுதியிருக்கிறேன். இந்த வாரம் சிரிப்பு இல்லை… பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எண்பத்தேழில் என் தம்பி சிவநேசன், கள்ள வழியில் ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்டோடு கொழும்பிலிருந்து புறப்பட்டான். லண்டனுக்கு, என்னிடம் வர. அவன் மனைவி வசந்தியும் ஐந்து வயது மகள் சுகன்யாவும் கொழும்பிலேயே, வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். “மூண்டு மாசத்தில கூப்பிடுவன்” என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு போஸ்ட்கார்ட் வந்தது.

ஸ்பெயின் முத்திரை. தபால் சீல் மசிந்துபோய் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. ஒரு பக்கம் ஆர்த்தாவின் படம், கீழே ஊர்ப் பெயர். மறுபக்கம் என் விலாசம். மேலே சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி. அவ்வளவுதான்! சுகமா, எங்கே இருக்கிறான், எப்போது வருவான் — ஒரு சொல் இல்லை. கையெழுத்துகூட இல்லை.

இது மற்றவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். எங்களுக்கு இல்லை. வழியில் நிற்கிறவன் பெயர் எழுதக் கூடாது, சேதி எழுதக் கூடாது, பிடிபட்டால் எல்லாருக்கும் ஆபத்து — ஏஜென்ட்மார் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அதுதான். தம்பி சொன்னதைக் கேட்கிறவன். சுழி போடாமல் மட்டும் அவனால் இருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஏஜென்ட் முதலில் போனை எடுக்கவில்லை. பிறகு அந்த நம்பரே வேலை செய்யவில்லை. ஒன்றரை வருடம் போயிற்று.

அந்த நேரம் கனடாவில் இருந்த வசந்தியின் அண்ணன் அவளையும் பிள்ளையையும் அங்கே எடுப்பதற்கு விண்ணப்பப் போம் அனுப்பினார். அதில் ஒரு கட்டம். கணவர் எங்கே? உயிரோடு இருக்கிறாரா, இல்லையா?

வசந்தி எனக்கு போன் எடுத்தாள். “அத்தான், இதில நான் என்னெண்டு எழுதுறது? காணாமல் போட்டார், இல்லை எண்டு எழுதினா கெதியா எடுக்கலாமாம். நான் எப்பிடி என்ர கையால எழுதுறது? அந்த ஊருக்கு ஒருக்காப் போய்ப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதைத்தான் எழுதுவன்.”

எனக்குப் பயணப் பத்திரம் கிடைத்து, விசா குத்தி, நான் வேலை செய்த பார்க் றோயல் பேக்கரியில் ஒரு கிழமை லீவும் எடுத்துப் புறப்பட்டேன். மார்ச் மாதம். குளிர் விடவில்லை. பழைய ஜாக்கெட், கம்பளித் தொப்பி, மூன்று நாள் தாடி. கையில் வெம்பிளிப் புடைவைக் கடை மஞ்சள் பை. அதற்குள் என் மனைவி புனிதம் கட்டித் தந்த பாண் ரொட்டியும் முட்டைப் பொரியலும். சட்டைப் பையில் தம்பியின் போட்டோ.

முதல் நாள் காலையிலேயே ஆர்த்தாவில் இறங்கிவிட்டேன். பெரிய தேவாலயத்தின் படியில் போய் இருந்தேன். போகிற வருகிறவர்களிடம் போட்டோவைக் காட்டிக் கேட்க வேண்டியதுதான். அதற்குத்தானே வந்தது?

ஒருவரிடமும் கேட்கவில்லை.

பெண்கள் கூடைகளோடு போனார்கள். ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஒவ்வொருவர் வரும்போதும் சட்டைப் பைக்குள் கை போகும்… அங்கேயே நின்றுவிடும். வெட்கம் மட்டும் காரணமில்லை. கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவார்களே! நான் கேட்காதவரை தம்பி அந்த ஊரில்தான் இருந்தான். ஏதோவொரு தெருவில், ஏதோவொரு கதவுக்குப் பின்னால்.

அப்படியே மத்தியானம் ஆயிற்று. பாணைச் சாப்பிட்டேன். மாலையில் கடைசி பஸ் எடுத்து, தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பினேன்.

அடுத்த நாள் என்னை நானே திட்டிக்கொண்டு எழும்பினேன். முகம் வழித்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து வாரினேன். கோட் போட்டு, கழுத்தில் ரை கட்டினேன். அரசாங்கக் கந்தோருக்குப் போவதென்றால், ஒருவரிடம் உதவி கேட்பதென்றால், கோட் போடாமல் எங்கள் ஆட்கள் போக மாட்டார்கள். அகதி விசாரணைக்கு என்று வாங்கிய கோட். அதைப் போட்டால் எனக்கும் கொஞ்சம் வாய் வரும்.

தேவாலயத்துக்கு எதிரில் போஸ்ட்கார்ட் விற்கிற கடை. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. அவருக்கும் இங்கிலீஷ் என் அளவுக்குத்தான். போட்டோவை நீட்டினேன். சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஓ, இந்த மனிதர்! பார்த்தேன்.”

“எப்போது?”

“நேற்று. அதோ, அந்தப் படியில். காலையிலிருந்து தனியாக இருந்தார். பாவம், ஒருவரோடும் பேசவில்லை. ரொட்டி சாப்பிட்டார்.”

அதற்கு மேல் நான் நிற்கவில்லை. தெருமுனையில் இருந்த போன் கூண்டுக்கு ஓடினேன். வெள்ளவத்தையில் வீட்டுக்கார அம்மா எடுத்து, வசந்தியைக் கூப்பிட்டு, அவள் மாடியிலிருந்து ஓடிவந்து…

“வசந்தி! இஞ்ச ஒரு கடைக்காரப் பொம்பிளை கண்டிருக்கிறா!”

“ஆரை அத்தான்?”

“எங்கட ஆளைத்தான்! நேற்று. சேர்ச் படியில இருந்தவராம்!”

மூச்சு இழுக்கிற சத்தம்.

“சாப்பிட்டவராமோ?”

“ஓம் ஓம், பாண் சாப்பிட்டவராம்.”

“வெறும் பாணோ?”

“அது தெரியாது பிள்ளை. நான் இப்ப தேடப் போறன். பிறகு எடுக்கிறன்.”

“அத்தான்… அப்ப நான் அந்தப் போமைக் கிழிக்கிறன்.”

கையோடு கொண்டுவந்திருந்தாள் போலிருக்கிறது. கிழிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

திரும்பக் கடைக்கு ஓடினேன். எந்தப் பக்கம் போனார், என்ன உடுத்திருந்தார், கையில் ஏதும் இருந்ததா — மூச்சு வாங்க வாங்கக் கேட்டேன். அந்த அம்மாவுக்கும் உற்சாகம். தொப்பி என்று தலையைத் தொட்டுக் காட்டினார். தாடி என்று கன்னத்தைத் தடவினார். பை என்றார். மஞ்சள் பை. அதில் ஒரு படம்… இங்கிலீஷில் பெயர் வரவில்லை. சாமான் சுற்றுகிற தாளில் பென்சிலால் கீறினார். ஒரு பறவை. நீளமான தோகை. தலையில் கொண்டை.

மயில்.

வெம்பிளிப் புடைவைக் கடைப் பையில் இருக்கிற மயில்.

எனக்கும் தம்பிக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். ஊரில் எங்களை மாறிக் கூப்பிடாத ஆள் இல்லை. அந்த அம்மா நேற்றுப் பார்த்தது என்னை. இன்று கோட் போட்டு, முகம் வழித்து வந்தவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முதல் நாளே எழும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், “தெரியாது” என்று சொல்லியிருப்பார். அது உண்மையாக இருந்திருக்கும்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கும் விளங்கிவிட்டது. போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அன்று முழுக்க நான் அந்த ஊரில் கேட்காத ஆள் இல்லை. பேக்கரி, பார், பொலிஸ், உச்சிக் கோயிலில் கூட்டிக்கொண்டிருந்த பெண்… வெட்கம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஒருவரும் அவனைக் கண்டதில்லை. ஊர் திரும்பும்போது விமான நிலையக் கடையில் அதே ஆர்த்தா கார்ட் அடுக்கடுக்காக இருந்தது. தம்பி அந்த மலைப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம். விமானம் மாறுகிற இடத்தில் கைக்கு அகப்பட்ட படத்தை வாங்கியிருக்கலாம்.

லண்டன் வந்ததும் வசந்திக்கு உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். புனிதம்தான் மறித்தாள். “இஞ்சருங்கோ, உடன சொல்லாதேங்கோ. அந்தப் பிள்ளை ஒரு கிழமையாவது நிம்மதியா நித்திரை கொள்ளட்டும்.”

அந்த ஒரு கிழமை ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

தேடினேன், ஆள் வேறு எங்கோ போய்விட்டான் என்று மட்டும் சொல்லி வைத்தேன். வசந்தி அந்த அறையை விடவில்லை. வீட்டுக்கார அம்மா வாடகையைக் கூட்டினாலும் விடவில்லை, பொலிஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போன நாட்களிலும் விடவில்லை. என் தம்பிக்குத் தெரிந்த விலாசம் அதுதானே?

மனிதருக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டும் என்று மேடையில் எல்லாரும் பேசுகிறார்கள். கொடுப்பது லேசு. ஒரு போன் போதும். திரும்ப வாங்குவது எப்படி என்று ஒருவரும் பேசக் காணோம்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன்? போன மாதம் கனடாவிலிருந்து மறுபடி போம் வந்திருக்கிறது. அதே கட்டம். இனி தன்னால் ஏலாது, இதுதான் கடைசி என்று அண்ணன் எழுதியிருக்கிறாராம். போன ஞாயிற்றுக்கிழமை சுகன்யா போன் எடுத்தாள். பதினாறு வயது.

“பெரியப்பா, அம்மா குளிக்கிறா. கெதியாக் கேக்கிறன். அந்தப் பொம்பிளை கண்டது அப்பாவைத்தானோ?”

நான் பேசவில்லை.

“சரி. எனக்கு விளங்குது,” என்றாள். கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “போனகிழமையும் பொலிஸ்காரங்கள் றோட்டில என்னை மறிச்சு ரெண்டு மணித்தியாலம் வச்சிருந்தவங்கள், பெரியப்பா. நான் போக வேணும். நான் சொன்னா அம்மா நம்பமாட்டா. நீங்கள் சொன்னாத்தான் கையெழுத்து வைப்பா. இண்டைக்குச் சொல்லுவியளோ?”

“சொல்லுறன் மகள்,” என்றேன். உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தேன்.

வசந்தி வந்தாள். தலை துவட்டுகிற சத்தம்.

“அத்தான், போம் மேசையில கிடக்கு. பேனை கையில இருக்கு. பிள்ளையும் பக்கத்தில நிக்கிறாள். கடைசியா ஒருக்காக் கேக்கிறன், அந்தப் பொம்பிளை என்ன சொன்னவ?”

கையில் போனோடு எழும்பி நின்றேன். நின்றால் வாய் வரும் என்று பார்த்தேன். புனிதம் குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சேர்ச் படியில இருந்தவராம், பிள்ளை.”

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். ஆள் கொஞ்சம் உடம்பு வைத்திருந்தவராம் என்றும் சொன்னேன்.