ஐந்து கோடும் நிரப்பினேன்

பரீட்சைத் தாளில் வெறும் இடம் விடக்கூடாது என்பது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பால்குடி மறந்த கையோடு சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். விடை தெரியாவிட்டாலும் எதையாவது எழுது, கோடு வெறுமையாய்க் கிடந்தால்தான் புள்ளி போகும். ரியூசன் வாத்தியார் சொன்னார், அப்பா சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதர்கூட ஒருநாள் சொன்னார். இந்தப் புத்திமதியை அப்படியே கேட்டு நடந்ததால் ஒருமுறை நான் எங்கள் வீட்டையே காட்டிக்கொடுத்தேன்.

அப்போது சண்டிலிப்பாயில் ஏழாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அண்ணை உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தரமும் எடுத்து, பல்கலைக்கழகத்துக்குப் போதாத பெறுபேறு வந்த அன்று பின்னறைக்குள் போனவர், வெளியே வரவில்லை. இரண்டு நாளில் சரிவரும் என்று நினைத்தோம். மாதங்கள் போயின. எவருடனும் கதைக்கமாட்டார். கதவடியில் வைத்த சாப்பாடு பாதி திரும்பி வரும். பொழுதுபட்ட பிறகுதான் கிணற்றடிக்குப் போவார்.

ஊருக்கு அம்மா சொன்ன கதை வேறு. அண்ணை கொழும்பில் ஏதோ கோர்ஸ் படிக்கிறாராம். அன்றிலிருந்து அவருடைய சைக்கிள் சாக்குக்குள் மறைந்தது, சேட்டுகள் வீட்டுக்குள்ளே கயிற்றில் காய்ந்தன. அது போதாதென்று பக்கத்து வீட்டு மாமி, "தம்பி வரேக்கை எனக்கொரு குடை கொண்டுவரச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டார். அம்மா யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போய்க் குடை வாங்கி, கொழும்பில் இருந்து வந்த ஆரிடமோ மகன் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக் கொடுத்தார். மாமி விரித்துப் பார்த்து, "கொழும்புச் சாமான் கொழும்புச் சாமான்தான்" என்றார். அம்மா சிரித்தார். பிறகு குசினிக்குள் போய் அழுதார்.

வெளியே தெரிந்தால் அண்ணைக்கு விசர், பைத்தியம் என்று பெயர் வைத்துவிடுவார்கள், அந்தப் பெயர் பிறகு சாகும்வரை போகாது என்பது அம்மாவின் பயம். எனக்குக் கலியாணமும் சரிவராதாம். பன்னிரண்டு வயதில் எனக்குக் கலியாணத்தைப் பற்றிக் கவலை இல்லை. அண்ணையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுதான் என் பயம்.

இந்த நிலைமையில்தான் பிள்ளைகளின் சுகநலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். அதற்கு முதல் வீட்டுக்கு ஒரு சம்மதக் கடிதம் வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் கடிதத்தை வாசிப்பது மரியாதைக் குறைவு என்பதுபோல அப்பா அதில் கையெழுத்தை மட்டும் வைத்தார். வந்தவர்களில் ஒரு மிஸ் தாள்களைக் கொடுத்து, இது பரீட்சை இல்லை, இதில் சரி பிழை இல்லை, பெயரும் எழுதவேண்டாம் என்றார். பரீட்சை இல்லை என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்கு எத்தனை பரீட்சை வைத்திருக்கிறார்கள். ஒருவரும் நம்பவில்லை.

நித்திரை வருகிறதா, பசிக்கிறதா, கூட்டாளிமார் இருக்கிறார்களா என்று கேள்விகள். எப்போதும், சிலவேளை, ஒருபோதும் இல்லை. ஒன்றுக்குச் சரி அடையாளம் போடவேண்டும். கடைசியில், 'நீ வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுது' என்று போட்டு, கீழே ஐந்து கோடு. எனக்குச் சொல்ல விருப்பம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ஐந்து கோடு வெறுமையாய்க் கிடக்கிறதே. நேரம் வேறு போகிறது. அண்ணை அறைக்குள்ளேயே இருக்கிறார், ஒருவருடனும் கதைப்பதில்லை, சாப்பிடுவது குறைவு, அவர் கொழும்பில் இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. கோட்டுக்கு ஒரு வசனம். ஐந்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்ததும், எந்தப் பரீட்சைக்குப் பிறகும் செய்வதுபோல, வகுப்பில் முதலாம் பிள்ளையைச் சுற்றி நின்று விடைகளை ஒத்துப் பார்த்தோம். அவள் கவலைக் கேள்வி எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' போட்டிருந்தாள். ஐந்து கோட்டில், தனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றி என்று எழுதினாளாம். எல்லாரும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதியிருந்தார்கள். நான் என்ன எழுதினேன் என்று சொல்லாமல் நழுவிவிட்டேன்.

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெயர் எழுதவில்லைதான், ஆனால் தாளில் ஒரு இலக்கம் இருந்ததே. வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், அண்ணையைத் தேடித்தான் வருகிறார்கள் என்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். அம்மாவுக்குச் சொல்லத் துணிவு வரவில்லை. கோடாலிக் காம்பு குலத்துக்கே ஈனம் என்று அப்பா வேறு ஆரையோ பற்றிச் சொன்னபோது, அது எனக்குத்தான் என்று எழும்பிப் போய்விட்டேன்.

அடுத்த கிழமை அந்த மிஸ் திரும்பவும் வந்தார். நூல்நிலைய அறைக்கு என்னை மட்டும் கூப்பிட்டார்கள். மேசையில் என் தாள் இருந்தது.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. இதை நான் ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அண்ணை இப்ப எப்பிடி இருக்கிறார்?"

"அண்ணை கொழும்பிலை மிஸ்."

"அப்ப உதிலை எழுதினது?"

"அது சும்மா மிஸ். கோடு வெறுமையா இருக்கக்கூடாது எண்டு எழுதினனான்."

மிஸ் கோபிக்கவில்லை. அண்ணை வந்து கதைக்க விரும்பினால் தானே வீட்டுக்குப் பக்கத்தில் எங்காவது வருவதாகவும், ஒருவரும் ஒருவரையும் எங்கும் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு ஒரு சின்னத் தாளில் தொலைபேசி இலக்கம் எழுதி என் கைக்குள் வைத்தார். பெரிய ஆட்கள் அன்பாகக் கதைத்தால் அதற்குள் ஏதோ பொறி இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்து, புகையிலைத் தோட்டத்து வாய்க்காலில் போட்டேன். தண்ணீர் அதைக் கொண்டு போகும்வரை நின்று பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது.

அண்ணைக்கு இப்போது அச்சுவேலியில் ரேடியோ, மின்விசிறி திருத்தும் கடை இருக்கிறது. சுகமாக இருக்கிறார். அவர் ஒரு வைத்தியருக்கு முன்னால் போய் இருப்பதற்கு, அந்த வாய்க்கால் நாளுக்குப் பிறகு இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. அந்த இரண்டு வருடத்தையும் எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. குடைக் கதையை நான் சொன்னால் அண்ணை விழுந்து விழுந்து சிரிப்பார். மிஸ் வந்த கதையைத் தொடங்கினால் மட்டும், கடைக்குள் வேலை இருக்கிறது என்று எழும்பிவிடுவார்.

தாளை வாய்க்காலில் போட்ட அன்று பின்னேரம் நான் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் பின்னறைக் கதவடிக்கு ஓடினேன்.

"அண்ணை, ஒரு மிஸ் வந்து உங்களைப் பற்றிக் கேட்டவ. நான் ஒண்டும் சொல்லேல்லை."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கதவின் கீழ் இடைவெளியில் அவருடைய கால் இரண்டும் வந்து நின்றன. மாதக்கணக்காக எனக்கு மறுமொழி சொல்லாதவர் கேட்டார்:

"என்ன கேட்டவ?"

"எப்பிடி இருக்கிறார் எண்டு."

கால் இரண்டும் கதவுக்கு இன்னும் கிட்ட வந்தன. "திரும்ப வருவாவோ?"

அந்தக் குரல் நடுங்கியது. பாவம், சரியாகப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அவருடைய பயத்தைத் தீர்ப்பது என் கடமை என்று பட்டது.

"இல்லை அண்ணை, இனி வரமாட்டா. நம்பர் ஒண்டு எழுதித் தந்தவ. அதையும் கிழிச்சு வாய்க்காலுக்கை போட்டிட்டன்."

"கெட்டிக்காரி" என்றார் அண்ணை, மெதுவாக.

வகுப்பில் ஒருதரமும் முதலாம் பிள்ளையாக வராத எனக்கு அது பெரிய சொல். கால் இரண்டும் கதவடியை விட்டுப் போகவில்லை. இன்னும் கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து, பையைக் கழற்றி வைத்துவிட்டு, மிஸ்ஸை எப்படி ஏமாற்றினேன் என்பதை முதலில் இருந்து இன்னொரு தரம் சொல்லத் தொடங்கினேன்.