டின்களைக் கோத்த நூல்

சேவூர் பெட்ரோல் பங்கில் இன்று வண்டிக்கு ஒரு லிட்டர்தான் என்றார்கள். 'நாட்டுக்காகச் சிக்கனம்' என்று பலகை வேறு. வெயிலில் எழுந்த எண்ணெய் வாடை என்னைச் சிறுவயதின் ரேஷன் கடைக்கு இழுத்துப்போனது.

அப்போதும் தட்டுப்பாடுதான். கிருஷ்ணாயில் வரும் நாளில், எங்கள் தெருக்காரர்கள் காலையிலேயே டின்களை வரிசையாக வைத்துவிட்டுத் தறிக்குத் திரும்பிவிடுவார்கள். யாரும் இடையில் புகாமலிருக்க, கைப்பிடிகளை மிஞ்சிய பட்டு நூலால் கோத்திருப்பார்கள்.

ஒருநாள் கடைக்காரர் அந்த நூலைக் கத்தரித்துவிட்டார்.

"ஆபீசர் வூட்டுக்கு ஜல்தியா அனுப்பணும், பேஜார் பண்ணாதீங்க."

ஆபீசர் வீட்டுக் கேன்கள் நிரம்பின. எங்கள் டின் வருவதற்குள் பீப்பாய் காலி. அம்மா, தறியில் அறுந்த இழையைப் பிணைக்கிற அதே விரல்களால் அந்த நூலையும் முடிச்சுப் போட்டாள். "அடுத்த லோடு வரும், வா" என்றாள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சிக்கனம் எங்கள் தெருவுக்கு மட்டும்தான் போலும்.

பங்கில் வெளியே போகும் வழியாக ஒரு பெரிய கார் உள்ளே நுழைந்தது. ஊழியர் வரிசையில் நின்ற எங்களை விட்டுவிட்டு அதன் பக்கம் குழாயை இழுத்தார்.

"பெரிய இடம்ங்க. நீங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

அம்மாவைப் போல முடிச்சுப் போட்டுவிட்டுப் போக எனக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் குழாய்க்கும் காருக்கும் நடுவில் நிறுத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"வரிசைல நிக்கறவங்களுக்கு ஊத்துங்க. அவரு நாட்டுக்காகக் கொஞ்சம் நிக்கட்டும்."