முனியாண்டி குதிரை ஏறக் கற்றார்

செமோரில் எங்கள் முனியாண்டி கோயிலுக்கு ஆடித் திருவிழா வந்தால் என் வீட்டுக்காரர் தங்கையாதான் முனியாண்டி. ஒட்டு மீசை, கையில் அருவாள், வாயில் சுருட்டு, டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஒரு சிமெண்டுக் குதிரை, அதன் மேல் இவர். தோட்டத்தை விற்று வீடு கட்டிவிட்டார்கள். ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. கோயில் முனியாண்டி மட்டும் காலி செய்ய மறுத்து, இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

மற்ற நாளெல்லாம் இவருக்கு ஈப்போவில் ஒரு பேரங்காடியில் ஜாகா வேலை, காவல்காரர். கார் நிறுத்துமிடத்தின் தடுப்புக் கட்டையைத் தூக்குவதும் இறக்குவதும்தான். ஹாரன் அடிப்பவனுக்கெல்லாம் குனிந்து சலாம் போட்டுப் போட்டு முதுகு வளைந்தே போனது. திருவிழா அன்று அதே ஆட்கள் குடும்பத்தோடு வந்து இவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் வருஷம் முழுக்கச் சோறு தின்றார். அது நான் ஆக்கிய சோறு என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

கோயில் தலைவர் யுகேந்திரனுக்கு லாரித் தொழிலில் நல்ல வரும்படி. வந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கூட்டத்தில் எழுந்து, “இந்த வருசம் உசுருள்ள குதிரைலா. ஊரே வாயப் பொளக்கணும்,” என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, ஒங்களுக்குக் குதிர ஓட்டத் தெரியுமா? தெரியாட்டி சொல்லுங்க, தீபன் ஏறட்டும்.”

தீபன் யுகேந்திரனின் அக்காள் மகன். இரும்பு தூக்கி வளர்த்த கை. மீசைகூடச் சொந்த மீசை.

“தெரியும்,” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு ஓட்டத் தெரிந்ததெல்லாம் காப்சாய் மோட்டார் சைக்கிள்தான்.

லகாட் பக்கம் ஒரு குதிரைப் பண்ணை இருக்கிறது. குதிரை வாடகையோடு பாடமும் சேர்த்தி. சொல்லித் தருகிறவர் கௌசிகா, யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பெண். டாக்டருக்குப் படி என்றார்களாம், குதிரைக்கு வந்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்த குதிரை நல்ல வெள்ளை. பெயர் சந்தான், மலாயில் தேங்காய்ப்பால் என்று அர்த்தம். சாமி வாகனத்துக்கு வைக்கிற பெயரா அது என்று இவர் முணுமுணுத்தார்.

“ஏறி இயல்பா இருங்கோ, அங்கிள்,” என்றார் கௌசிகா.

இவருக்கு இயல்பு என்றால் சிமெண்டுக் குதிரைதான். நெஞ்சைத் தள்ளி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கால் இரண்டையும் முன்னால் நீட்டி விறைத்து, வலது கையை உயர்த்தி, கீழே நின்ற எங்களைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். சந்தான் இரண்டு அடி எடுத்து வைத்தது. முனியாண்டி மணலில் கிடந்தார்.

“காது, தோள், இடுப்பு, குதிகால், நாலும் ஒரே கோட்டில இருக்க வேணும்,” என்றார் கௌசிகா, தூக்கிவிட்டபடி. “காலை முன்னுக்கு நீட்டினா கதிரையில சாய்ஞ்சு இருக்கிற மாதிரி. குதிரை நகர்ந்தா நீங்கள் பின்னுக்குப் போயிடுவியள்.”

“முனியாண்டி அப்படித்தான் மிஸ் உக்காருவாரு.”

“உங்கட முனியாண்டி இருக்கிறது சீமெந்துக் குதிரையில. அது நடக்காது, அங்கிள்.”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சாமிப் பழக்கத்தை விட்டால் மோட்டார் பழக்கம் வந்து நின்றது. பயம் வந்தால் போதும், இவருடைய வலது கால் பிரேக்கைத் தேடும். கால் விரலை அழுத்துவார், குதிகால் மேலே கிளம்பும், ஆள் குதிரையின் கழுத்தில் கவிழ்வார். கண்ணோ, ரோட்டில் குழி பார்க்கிற மாதிரி எப்போதும் தரையில். “குதிரைக்குக் கண் இருக்கு, குழியை அது பாக்கும். நீங்கள் போற இடத்தைப் பாருங்கோ,” என்று கௌசிகா கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனார். இடுப்பை இறுக்காமல் குதிரையின் அசைவோடு விட வேண்டுமாம். குதிகாலை இறக்கிப் பழக, அடுப்படிப் படியின் விளிம்பில் விரலை மட்டும் ஊன்றி நின்றுகொண்டிருப்பார். குழம்புச் சட்டியோடு நான் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஆனால் பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் சந்தான் மேல் அமர்ந்து வட்டம் வந்தார். தோள் தளர்ந்திருந்தது, முதுகு தானாக நிமிர்ந்திருந்தது, கை தாழ்ந்து கடிவாளத்தை மெதுவாகப் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அவர் இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. அழகாக இருந்தார். நான் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

ஒத்திகை பார்க்க வந்த யுகேந்திரனுக்குப் பிடிக்கவில்லை.

“என்னண்ணே, கிளினிக்ல நம்பர் எடுத்துட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்கு? சாமின்னா ஒரு கெத்து வேணாமா? அருவாளத் தூக்குங்க, கால நீட்டுங்க. முடியாட்டி தீபன் இருக்கான்லா.”

அன்று இரவு இவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

திருவிழா அன்று தலைக்கவசம் இல்லாமல் ஏறவே கூடாது என்று கௌசிகா ஒற்றைக்காலில் நின்றதால், அதன் மேலேயே தலைப்பாகையைச் சுற்றினோம். தலை பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. சாமி தலையாயிற்றே, யாரும் கேட்கவில்லை. ஆனால் குதிரையைக் கயிறு பிடித்து நடத்த யுகேந்திரன் விடவில்லை. “சாமிய யாராச்சும் கயித்துல புடிச்சி இழுத்துட்டுப் போவாங்களா?” கௌசிகா உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.

இவர் கற்றபடியே உட்கார்ந்தார். முதல் தெருவில் ஒரு கைகூடக் குவியவில்லை. “அக்கா, யாரு அது?” என்று ஒருத்தி கேட்க, “நம்ம ஜாகா தங்கையா அண்ணே மாதிரி இல்ல?” என்றாள் இன்னொருத்தி. அது அவர் காதில் விழுந்தது. முகம் சுருங்கிப் போனதை நான் பார்த்தேன். அந்த இரண்டு பேரையும் அங்கேயே அறையலாம் போல இருந்தது எனக்கு.

கோயில் வாசலில் மனிதரால் தாங்க முடியவில்லை. நெஞ்சைத் தள்ளினார். காலை நீட்டினார். அருவாளை உயர்த்திக் கண்ணை உருட்டினார். கூட்டம் “முனியாண்டி!” என்று அலறிக்கொண்டு கையைத் தலைக்கு மேல் குவித்தது. உறுமி மேளம் ஒரேயடியாக வெடித்தது. சந்தான் மிரண்டு பக்கவாட்டில் துள்ளியது. முன்வரிசையில் கைக்குழந்தைகளோடு பெண்கள் நின்றார்கள். இவர் பாதி சரிந்துவிட்டார். வலது கால் பிரேக்கைத் தேடுவதைப் பார்த்தேன்.

அப்போது அருவாளை ஆளில்லாத பக்கம் இருந்த சாக்கடையில் வீசினார். சுருட்டைத் துப்பினார். காலைப் பின்னுக்கு இழுத்துக் குதிகாலை இறக்கி, தோளைத் தளர்த்தி, பார்வையை நேரே வைத்து, மூச்சை விட்டார். சந்தான் ஒரு சுற்றுச் சுற்றி, நின்றது. அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. யாரும் கும்பிடவும் இல்லை.

யுகேந்திரன் ஓடி வந்தார். “அருவாளக் கொண்டுபோயி லோங்காங்குல போட்டுட்டீங்களேண்ணே! சாமி குத்தம்லா! போதும், எறங்குங்க. அடுத்த வருசத்துலேருந்து தீபன்தான்.”

ஊரே கேட்கச் சொன்னார். இவர் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். இவரோ மீசையைப் பிய்த்து யுகேந்திரன் கையில் வைத்தார்.

“அவனுக்கே ஒட்டிவிடுங்க. குதிரைய அது வந்த லாரிகிட்ட நானே கொண்டுபோறேன். மேளத்த நிறுத்தச் சொல்லுங்க, இதுக்குப் பயமா இருக்கு.”

மேளம் நின்றது. கூட்டம் விலகியது. மீசையில்லாத முகமும் பூசணித் தலையுமாக, கற்றபடி உட்கார்ந்து, இவர் கிளம்பினார். சிமெண்டுக் குதிரைக் காலத்தில் யார் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் கணக்கெடுத்துக்கொண்டே போகிற மனிதர் இவர். கடைசியில் என்னைத் தேடிப் பார்ப்பார். நன்றாக இருக்கிறது என்று நான் தலையாட்ட வேண்டும். இன்று கட்டாயம் தேடுவார் என்று கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றேன்.

குதிரை என்னை ஒட்டியே போனது. மனிதர் போகிற வழியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். கடன்காரர், திரும்பவே இல்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்கு வரட்டும், இருக்கிறது.