ஐந்து நாட்டுக்கு ஒரே பேச்சு

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை மாடியில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். சுனாமிக்குப் பிறகு இன்னொரு வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. கடலூரிலிருந்து கொள்ளிடம் வரை கடற்கரை முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் ஜீப்பில் அலைந்த காலம் அது. அவர்கள் கேட்பதைத் தமிழிலும், மீனவர்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. இந்த வேலையில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொந்தச் சரக்கைத் தாராளமாகக் கலந்தார்கள். ஒரு ஆள் "பசிக்குது" என்றால் "மூன்று நாளாகச் சாப்பிடவில்லை" என்பார்கள். நான் அப்படி இல்லை. சொன்னதைச் சொல்வேன், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இதை எல்லோரிடமும் பீற்றிக்கொள்வதும் உண்டு.

நான் சொல்ல வருவது 2010-இல் சிதம்பரத்தில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி. சுனாமி அடித்த ஐந்து நாடுகளின் கடற்கரை அமைப்புகள் ஒன்றுகூடி ஒரே அறிக்கை எழுத வேண்டும். அடுத்த வருடம் வெளிநாட்டில் நடக்கவிருந்த உதவி மாநாட்டில், பணக்கார நாடுகளின் முன்னால், அந்த ஐந்து நாடுகளும் அதைத் தங்கள் பொது நிலைப்பாடாக வாசிக்கும். பேரிடர் வந்தால் யாருக்கு, எதை, எந்தப் பட்டியலின்படி கொடுப்பது என்பதுதான் அறிக்கையின் விஷயம். கூட்டத்தை ஏன் சிதம்பரத்தில் வைத்தார்கள் என்று கேட்டதற்கு, கடற்கரைக் கிராமங்கள் பக்கம் என்றார்கள். பிச்சாவரத்தில் படகு சவாரி போகலாம் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

கீழவீதிப் பக்கம் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் மூன்று நாள். தலைமை தாங்கியவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு ஐரோப்பியப் பெண்மணி. இப்படி நாடுகளைக் கூட்டிவைத்துப் பேசவைப்பதே அவருடைய தொழில். முதல் நாள் காலையிலேயே விதியைச் சொல்லிவிட்டார். தனி நாடு பேசினால் மாநாட்டில் ஒருவரும் காதுகொடுக்க மாட்டார்கள். ஐந்து நாடு சேர்ந்து ஒரே பேச்சாகப் பேசினால் பேனாவை எடுப்பார்கள். ஆகவே ஒரு வரிக்கு ஒரு நாடு ஆட்சேபம் சொன்னாலும் அந்த வரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவோம். மூன்றாம் நாள் மாலைக்குள் சமாதானம் ஆகாவிட்டால் அந்த வரி போய்விடும். வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு தீவு நாட்டுக்காரர் கடல் மட்டம் உயர்வதைப் பற்றி எழுதச் சொன்னார். இன்னொருவருக்கு 'அரசின் கடமை' என்ற சொல் பிடிக்கவில்லை, 'அரசின் முயற்சி' என்று மாற்றச் சொன்னார். 'உடனடியாக' என்பது 'உரிய காலத்தில்' ஆனது. 'வேண்டும்' என்பது 'வரவேற்கத்தக்கது' ஆனது. இரண்டாம் நாள் மதியத்துக்குள் அறிக்கை ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. யாருக்கும் ஒத்துக்கொள்ளும், யாரும் இன்னொரு கரண்டி கேட்க மாட்டார்கள். அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். ஒவ்வொரு காற்புள்ளியையும் சரிபார்த்தேன்.

நம் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள், இருவரும் தேவனாம்பட்டினம். ஒருவர் ஊர்த்தலைவர், பெரிய மீசை, வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு செல்போன். இன்னொருவர் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு மீன்காரப் பெண்மணி. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு பெண் வந்தாக வேண்டும் என்று அழைப்பில் இருந்ததால் ஊரில் அவரை அனுப்பியிருந்தார்கள். கணவர் சுனாமிக்கு முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஒரே மகளைப் பரங்கிப்பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கடலூர்த் தெருக்களில் மீன் விற்றே பிழைத்தார். என் வீடு கடலூரில், எங்கள் தெரு கத்தோலிக்கர்கள் தெரு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்களுக்குக் கறி கிடையாது என்பதால், அந்த நாற்பது நாளும் எங்கள் தெருவுக்குத் தவறாமல் வருவார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. மீனவ ஊர்களில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஊர் வரியை அவர்தான் கட்டுவார், ஊர்க்கூட்டத்தில் அவர்தான் உட்காருவார், ஊருக்கு எது வந்தாலும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் பங்கு. கணவனும் மகனும் இல்லாத பெண் தலைக்கட்டு அல்ல. சுனாமிக்குப் பிறகு படகு, வலை, வீடு எல்லாம் இந்தப் பட்டியலின்படியே வந்தன. அவருக்கு வந்தது இரண்டு போர்வையும் ஒரு பாத்திர செட்டும். அன்றிலிருந்து உடன்பிறந்தவர் வீட்டை ஒட்டி ஒரு ஓலைச் சார்ப்பில்தான் இருந்தார்.

இரண்டாம் நாள் மதியம் அவர் எழுந்தார். "கடலுக்குப் போறவன்தான் மீனவன்னு எழுதியிருக்கீங்க. புடிச்சிட்டு வந்த மீன யாரு விக்கிறது? கூடையத் தூக்கினு தெருத்தெருவா போறவளையும் மீனவர்னு எழுதுங்க. எது குடுத்தாலும் அவ பேருல குடுங்க. புருசன் பேருல இல்ல, அவ பேருல" என்றார்.

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு நாட்டிலிருந்து வந்திருந்த கருவாட்டு வியாபாரியான பெண் கைதட்டினார். தலைமைப் பெண்மணி ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நம் பக்கத்து ஊர்த்தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடைப்புக்குறி இல்லாமல், ஒரு சொல்லும் மாறாமல் உள்ளே போன வரி அந்த மூன்று நாளில் அது ஒன்றுதான்.

டீ இடைவேளையில் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், அந்த வரி வேணாம். பொம்பளயத் தனியா எழுதினா வூட்டுக்கு ரெண்டு பங்குன்னு ஆயிடும். தலைக்கட்டு மொறையே ஒடஞ்சி பூடும். நாளைக்கு பத்து ஊரு என்னத்தான் கேக்கும். அந்த வெள்ளக்காரம்மாகிட்ட நீங்களே சொல்லி எடுத்துடுங்க."

"நான் அப்படியெல்லாம் எடுக்க முடியாதுங்க. நீங்க உள்ள எழுந்து சொல்லுங்க, நான் மொழிபெயர்க்கிறேன்."

"நான் எப்புடி சார் சொல்றது? எங்க ஊரு பொண்ணு பேசினத நானே இல்லன்னா, நாலு நாட்டுக்காரன் முன்னாடி ஊரு ரெண்டுபட்ட மாதிரி ஆவாதா?"

அவர் சொன்னதை இந்தக் கடற்கரையை அறிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். ஊருக்குள் கோயில் முன்னால் கூட்டம் போட்டால் நாற்காலி பறக்கும், சட்டை கிழியும். ஆனால் வெளியாள் ஒருவன் வந்து நின்றுவிட்டால் ஊருக்கு ஒரே பேச்சு. அதை மீறினால் ஊரைக் காட்டிக்கொடுத்ததாக அர்த்தம். தாசில்தாரும் போலீஸும் இந்த ஊர்களில் பார்த்துப் பேசுவதற்கு இதுதான் காரணம். இந்தக் கட்டுப்பாடு அவர்களைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. தலைமைப் பெண்மணி ஐந்து நாடுகளுக்குக் கற்றுக்கொடுக்க வந்த பாடம் இங்கே பிறந்த பிள்ளைக்கே தெரியும்.

மாடிப்படி அருகே தலைவர் மீன்காரப் பெண்மணியிடம் பேசினார். நான் டீயைக் குடித்தபடி பக்கத்தில்தான் நின்றேன்.

"ஊருக்குப் போயி கூட்டத்துல வச்சிப் பேசிக்கலாம். நான் பொறுப்பு. இங்க நீயே எழுந்து வேணாம்னு சொல்லிடு."

"கூட்டத்துல வைப்பியா மாமா?"

"வைக்கிறேன்."

இடைவேளை முடிந்ததும் அவர் எழுந்தார். "நான் சொன்ன அந்த வரி வேணாங்க. எடுத்துடுங்க" என்றார். நான் சொன்னேன். தலைமைப் பெண்மணிக்கு ஒன்றும் புரியவில்லை. சொந்த விருப்பத்தில்தான் சொல்கிறாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர் தலைவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "என் இஷ்டந்தான்" என்றார்.

அது அவருடைய விருப்பம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. தலைமைப் பெண்மணி என் முகத்தையே பார்த்தார், இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்கலாம். வெளியாள் முன்னால் அவரால் வேறு பதில் சொல்ல முடியாது என்பது அந்த ஹாலில் எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும். அது மொழிபெயர்ப்பு ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். கருவாட்டு வியாபாரியான பெண் கோபமாக எழுந்து வெளியே போனார். வரியை நீக்கியதும் நான்தான், ஒரு விசையை அழுத்தி.

தேவனாம்பட்டினத்தில் ஊர்க்கூட்டங்கள் நடந்தன. ஏலம் பற்றி, திருவிழா பற்றி, சுருக்குமடி வலை பற்றியெல்லாம் பேசினார்கள். பெண்கள் கூட்டத்தில் உட்கார முடியாது, கோயில் சுவர் ஓரம் நின்று கேட்கலாம். மீன்காரப் பெண்மணி ஒவ்வொரு முறையும் போய் நின்றார். கேட்டால், பிறகு பார்க்கலாம் என்று தலைவர் சொல்வாராம். எங்கள் தெருவுக்கு வரும்போது இதையெல்லாம் மத்தி மீனை எண்ணிப் போட்டபடியே என்னிடம் சொல்வார், புகார் மாதிரி இல்லாமல்.

2011-இல் மாநாடு நடந்தது. ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தேன், பாதிப் படம் நின்று நின்றுதான் வந்தது. கோட்டு போட்ட ஒருவர் எங்கள் ஐந்து நாடுகளும் ஒரே குரலில் சொல்வது என்று ஆரம்பித்துச் சில நிமிடங்களில் வாசித்து முடித்தார். மீனவர் என்றால் கடலுக்குச் செல்பவர் அல்லது படகு வைத்திருப்பவர் என்ற இடமும் வந்தது. எல்லாம் என் வாக்கியங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருடக் கடைசியில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்தது. கடலூரில் நிமிர்ந்து நின்ற மரம் குறைவு. முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்தன, கரண்ட் வர நாட்கள் ஆயின. மீன்காரப் பெண்மணியின் ஓலைச் சார்ப்பு போன இடம் தெரியவில்லை. 2012-இன் தொடக்கத்தில், தேவனாம்பட்டினத்தில் மீனவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்க ஒரு வெளிநாட்டு நிறுவனம் முன்வந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். இந்த முறை வந்த அதிகாரி ஓர் இளைஞர், ரொம்ப மரியாதையானவர். படிவத்தைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் 'மீனவர்' என்பதற்கு விளக்கம் இருந்தது. எங்கள் ஐந்து நாட்டு அறிக்கையிலிருந்து எடுத்தது, காற்புள்ளி உட்பட. அந்தந்தப் பகுதி மக்களே ஒத்துக்கொண்ட விளக்கத்தைப் பயன்படுத்துவது தங்கள் கொள்கை என்று சொன்னார்.

கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. தலைவர் தலைக்கட்டுப் பட்டியலை வாசித்தார். பட்டியல் சரிதானா, ஆட்சேபம் உண்டா என்று இளைஞர் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். வழக்கம்போல ஒருவரும் பேசவில்லை. அப்போது சுவர் ஓரம் நின்ற பெண்களை விட்டு மீன்காரப் பெண்மணி நடுவில் வந்து நின்றார்.

"எனக்கு இருக்குது."

ஒரே சத்தம். தலைவர் கையை ஓங்காத குறையாக, "உள்ள போம்மா. வெளியாளு முன்னாடி என்னா பேச்சு இது? ஊருக்குள்ள பேசிக்கலாம்" என்றார்.

"ஊருக்குள்ள பேசலாம்னு நீ சொல்லித்தான மாமா இத்தன நாளு அந்தச் சொவத்தோரமா நின்னேன்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, தானும் மீன்தொழில் செய்கிறவர், தனக்கும் ஒரு வீடு வேண்டும் என்று சொல்லச் சொன்னார்.

சொன்னேன். இளைஞர் தன் பையிலிருந்து சிதம்பரம் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எடுத்தார். இந்த ஊரிலிருந்து வந்த பெண் பிரதிநிதியே அந்த வரியைத் திரும்பப் பெற்றிருக்கிறார், சொந்த விருப்பமா என்று கேட்டும் உறுதி செய்திருக்கிறார்கள் என்று காட்டினார். அந்தப் பிரதிநிதி எதிரே நிற்கிறவர்தான் என்பது அவருக்குத் தெரியாது. நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அவர் இளைஞரை விட்டு என் பக்கம் திரும்பினார். "சொன்னேன்தான், இல்லங்கல. ஊரு முன்னாடி, வெளியாளு முன்னாடி, நான் வேற என்னா தம்பி சொல்ல முடியும்? அது ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

என்ன கேட்கிறார் என்று இளைஞர் கேட்டார். உங்களிடம் இல்லை, என்னிடம் கேட்கிறார் என்றேன். பிறகு, சிதம்பரத்தில் சொல்லாமல் விட்டதை அங்கே நின்று முழுக்கச் சொன்னேன். மாடிப்படி அருகே நடந்த பேச்சையும் சேர்த்து. தலைவருக்கு ஆங்கிலம் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். இளைஞர் பொறுமையாகக் கேட்டார், உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஐந்து நாடுகள் சேர்ந்து ஒத்துக்கொண்டதை ஒரு ஊருக்காக மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை, குறிப்பு எழுதி அனுப்புகிறேன் என்றார். அதையும் தமிழில் சொன்னேன்.

"நல்லா வெவரமாத்தான் பேசுற. இதயே அன்னிக்குப் பேசியிருந்தா எனக்கு ஒரு வூடு இருந்திருக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் நடந்தார்.

இப்போது என்ன சொன்னார் என்று இளைஞர் கேட்டார். சொன்னேன்.