பாறைக் கிணற்றில் நான்கு எண்கள்

அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை உடைத்தவர் என்பதைப் பெங்களூர் ஆபீசில் மறைத்தே வந்தேன். ஊரைக் கேட்டால் பெங்களூரிலேயே இருக்கும் "விவேக் நகர்" என்று முடித்துவிடுவேன்.

போன வருடம் ஆபீஸ் நண்பர்களோடு உடுப்பி பக்கம், கடல் உள்வாங்கும்போது நடந்தே போகக்கூடிய ஒரு குட்டித் தீவுக்குப் போனேன். சுற்றிலும் உப்புத் தண்ணீர். நடுவில் பாறையைக் குடைந்து வெட்டிய நல்ல தண்ணீர்க் கிணறு. விளிம்பில் நான்கு எண்கள் செதுக்கப்பட்டிருந்தன.

கோலாரிலிருந்து வந்தவர்கள் வெட்டியது, பெயர் தெரியாது என்று அங்கிருந்த காவலாளி கன்னடத்தில் சொன்னார்.

நான் எண்களைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "இதெல்லாம் டோக்கன் நம்பர். சுரங்கத்துல ஆளை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்றான் நண்பன்.

"எங்க அப்பாவும் அங்க பாறை உடைச்சவர்தான்."

அப்பாவின் நம்பரையும் சொன்னேன். வீட்டுக்கு வெளியே அதை நான் சத்தமாகச் சொன்னது அன்றுதான்.