நான்காம் கேள்வியில் நின்றுபோன சர்வே

1. கேன்டீனில் கூச்சல்

"மேடம், உடனே கேன்டீனுக்கு வாங்க. சர்வே பேப்பரை வெச்சு சண்டை!"

செக்யூரிட்டி போனில் கத்தினார். டீ கிளாஸை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பிரேக் பாகங்கள் செய்கிற எங்கள் கம்பெனியில், எச்.ஆர். மேனேஜராக நான் இருந்த கடைசி வருடம் அது. ஸ்ட்ரைக் பார்த்திருக்கிறேன், லாக்-அவுட் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வித்தாளுக்காகச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஜனங்கள் எழுந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். குத்தம்பாக்கம் பக்கம் புது பிளான்ட் கட்டப்போகிறோம். யார் யார் அங்கே மாறி வருவார்கள், எந்த ஊரிலிருந்து பஸ் விட வேண்டும், டாய்லெட், உடை மாற்றும் அறை எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விகளையும் சேர்த்து, எல்லா பிளான்ட்டுக்கும் அனுப்புகிற சர்வேயை பெங்களூர் ஹெட் ஆபீஸ் எங்களுக்கும் அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை பில்டிங் டிராயிங்கில் கையெழுத்து. அதற்குப் பிறகு ஒரு சுவரைக்கூட நகர்த்த முடியாது. மெஷின் ஓடுகிற ஷாப் ஃப்ளோருக்குள் போன் கூடாது என்பதால் பேப்பரில் அச்சடித்துக் கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம் என்று மேலேயே பெரிதாகப் போட்டிருந்தது.

நான்காம் கேள்வி: பால். ஐந்தாம் கேள்வி: பாலினம்.

நான்காவதற்கு வெறும் கோடுதான். பிறந்தபோது குறிக்கப்பட்டதை எழுத வேண்டும் என்ற விளக்கம் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. யார் படிப்பார்கள்? தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் ஆட்கள் பாதிப் பேர் "பசும்பால்" என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் "அரை லிட்டர், சர்க்கரை கம்மியா" என்று எழுதியிருந்தார். ஐந்தாம் கேள்விக்குக் கீழே ஒரு நீளமான பட்டியல், கட்டம் கட்டமாக. பாதிச் சொற்கள் எனக்கே புதிது.

பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தார் யூனியன் செக்ரட்டரி தனசேகர். கொரட்டூர்க்காரர். குரல் கேன்டீன் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

"இன்னா மேடம் இது? நாலாவதுல பால்னு கேக்குறீங்கோ, அஞ்சாவதுல பாலினம்னு கேக்குறீங்கோ. ஒரே ஆள ரெண்டு தபா எண்றீங்களா? லேடீஸ் கணக்க ஏத்திக் காட்டிட்டு ஆம்பளைங்கள புது பிளான்ட்டுக்கு வோணாம்னு தள்ளப்போறதா வெளிய பேச்சு கீது. மெய்யா?"

"அப்படி ஒண்ணும் இல்ல தனசேகர். கீழ இறங்குங்க."

அவர் இறங்குவதற்குள் அசெம்ப்ளி லைன் லீடர் ரேவதி எழுந்துவிட்டாள். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண், இப்போது வீடு பூந்தமல்லியில். யாருக்கும் குரலைத் தாழ்த்த மாட்டாள். "அண்ணே, எங்களுக்குக் கணக்கு வேணும். லைன்லேர்ந்து லேடீஸ் டாய்லெட் எவ்வளவு தூரம்னு ஒரு நாளாவது நடந்து பாத்திருக்கீங்களா? எத்தனை பொம்பளைங்க இருக்கோம்னு இந்த பேப்பர்ல வந்தாதான் புது பில்டிங்ல ஒழுங்கா கட்டுவாங்க. நீங்க அதையும் கிழிக்காதீங்க."

கைதட்டல் ஒரு பக்கம், ஊய் என்ற சத்தம் இன்னொரு பக்கம். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஷாலினி என்னிடம் வந்தாள். குவாலிட்டியில் கேஜ் வைத்து அளவு பார்க்கிற இன்ஸ்பெக்டர். திருநங்கை. டிப்ளமோ முடித்து எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தவள். பிளான்ட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அவள் கையிலிருந்த பேப்பரில் ஒரு பேனாக் கோடுகூட இல்லை.

"மேடம், நான் இதை நிரப்ப மாட்டேன்."

"ஏம்மா?"

"பேரு வேணாம்னு போட்டிருக்கீங்க. ஆனா அஞ்சாவது கேள்வியில என்னை மாதிரி ஆளுக்குன்னு ஒரு கட்டம். இந்த பிளான்ட்ல அதுல டிக் அடிக்கிறதுக்கு நான் ஒருத்திதான். பின் பக்கத்துல உங்க சூப்பர்வைசர் எப்படின்னு கேட்டிருக்கீங்க. உண்மைய எழுதினா யாரு எழுதினதுன்னு அவருக்குத் தெரியாதா? நாலாவது இன்னும் மோசம். நான் பொறந்தப்போ ஆஸ்பத்திரியில என்ன எழுதினாங்கன்றதுக்கும் பஸ் ரூட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

எல்லாப் பேப்பரையும் திரும்ப வாங்கச் சொன்னேன். சர்வே நின்றது. ஹெட் ஆபீஸுக்கு போன் போட்டேன்.

2. வந்தாள் நந்திதா

கேள்வித்தாளைத் தயாரித்தவளே மறுநாள் காலை ஃப்ளைட்டில் வந்து இறங்கினாள். நந்திதா, கோயம்புத்தூர்ப் பெண், பெங்களூர் ஆபீஸில் வேலை. பையைக்கூட வைக்காமல், "யாருக்கு என்ன ஆட்சேபணையோ எல்லாரையும் கூப்பிடுங்க மேடம்" என்றாள். சண்டைக்குத் தயாராக வந்தவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. எனக்குப் பிடித்துப்போனது.

மீட்டிங் ரூமில் தனசேகர், ரேவதி, ஷாலினி, நந்திதா, நான். கதவைச் சாத்தியதும் ஆரம்பித்துவிட்டது.

"பால்ங்கிறது உடம்பைப் பத்தினதுங்க. பாலினம்ங்கிறது ஒருத்தர் தன்னை யாரா உணர்றாங்க, எப்படி வாழறாங்கங்கிறது. ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா டேட்டா வீணாப் போயிரும்" என்றாள் நந்திதா.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் தனசேகர். "ஆம்பள, பொம்பள. எங்க அப்பன் பாட்டன் காலத்துலேர்ந்து அப்டிதான் எழுதிகினு வர்றோம். ஷாலினி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அது நம்ம தங்கச்சி. ஆனா உடம்புன்னு ஒண்ணு கீதுல்ல? அத்த இல்லன்னு சொல்லிற முடியுமா?"

"இல்லன்னு யாருண்ணே சொன்னா? இருக்கிறதாலதான் கேக்காதீங்கன்றேன்" என்றாள் ஷாலினி.

அவள் நந்திதாவையும் விடவில்லை. "உங்க லிஸ்ட்ல மூன்றாம் பாலினம்னு போட்டிருக்கீங்க. மூணாவதுன்னா, ரேஸ் ஓடி மூணாவதா வந்தோமா? கடைசியில மற்றவைன்னு ஒரு கட்டம். ஸ்டோர்ல எழுதுவாங்க, நட்டு, போல்ட்டு, மற்றவைன்னு. மனுஷங்களுக்கு மற்றவர்னாவது போடக் கூடாதா?"

நந்திதா முகம் சிவந்தது. "அது டிரான்ஸ்லேஷன் ஏஜென்சி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "இல்ல, அனுப்பினது நான்தான். அது தப்புங்க. ஆனா கட்டமே இல்லாம விட்டா உங்களை மாதிரி இருக்கிறவங்களைக் கம்பெனி எண்ணவே எண்ணாது. எண்ணாத ஆளுக்கு எதுவும் செய்ய மாட்டாங்க. அதுக்குத்தான் நான் இந்த லிஸ்ட்டையே கொண்டு வந்தேன்."

அதிலும் நியாயம் இருந்தது. எல்லோர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் வேடிக்கை! எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. எத்தனையோ சர்க்குலர் போட்டிருக்கிறேன், படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இன்று ஒரு சொல்லுக்காக நாலு பேர் மேஜையைத் தட்டுகிறார்கள்.

அப்போது ரேவதி, "ஷாலு, உன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுறேன்" என்றாள். "நம்ம டிரெஸ் மாத்துற ரூம் ஒரே ஹாலு. நீ உள்ள வந்தா சில பொண்ணுங்க கூச்சப்படுறாங்க. என்கிட்ட வந்து சொல்றாங்க. லைன் லீடரா நான் அதைப் பேசித்தான் ஆகணும். உன்ன பிடிக்காம சொல்லல."

ஷாலினி அவள் பக்கம் திரும்பினாள்.

"தெரியும்க்கா. அதனாலதான் எல்லாரும் போனப்புறம் உள்ள போறேன். அதுக்குள்ள கம்பெனி பஸ் கிளம்பிடும். ஷேர் ஆட்டோ புடிச்சு பூந்தமல்லி போறேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

ரேவதி திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து போர்டில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதினேன்: இந்தப் பதில் வந்தால் நாம் என்ன செய்யப்போகிறோம்?

"ஒவ்வொரு கேள்விக்கும் இதைச் சொல்லுங்க. சொல்ல முடியலன்னா அந்தக் கேள்வி வேணாம். நந்திதா, நாலாவது எதுக்கு?"

"ஹெல்த் செக்கப் பிளான் பண்றதுக்குங்க. கர்ப்பப்பை டெஸ்ட், அந்த மாதிரி."

"அது டாக்டர் ரூம் விஷயம். டாக்டர் தனியாக் கேக்கட்டும், ஃபைல் அங்கேயே இருக்கட்டும். சர்வேயில?"

கொஞ்சம் யோசித்தாள். "வேணாம்" என்றாள்.

"அஞ்சாவது?"

"டாய்லெட்டு, லேடீஸ் பஸ்" என்றாள் ரேவதி. "அது கண்டிப்பா வேணும்."

"உடை மாத்துற ரூம்?"

தனசேகர் கையைத் தூக்கினார்.

"மேடம், ஜென்ட்ஸுக்கும் அதே கதிதான். ஒரே ஹாலு, கதவு கெடயாது. எனக்கு வவுத்துல ஆபரேஷன் பண்ண தயும்பு கீது, இத்தாம் பெரிசு. பசங்க முன்னாடி சட்டையக் கயட்ட மாட்டேன். ஊட்லேர்ந்து யூனிஃபார்மோட வருவேன், கறையோட அப்டியே போவேன். வெக்கம்தான். வேற இன்னா?"

இவ்வளவு நேரம் கூரையைப் பிளந்த குரல் அது. கடைசி வார்த்தை பாதிதான் வெளியே வந்தது. ஷாலினி தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

நந்திதா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "அப்ப கேள்வியையே மாத்துவோங்க! நீ யாருன்னு கேக்க வேண்டாம், உனக்கு என்ன வேணும்னு கேப்போம். தாழ்ப்பாள் போட்ட தனித்தனி அறை வேணுமா, வேணாமா? எல்லாருக்கும் ஒரே கேள்வி!"

3. புதுப் பேப்பர்

அன்று மாலைக்குள் பேப்பரைத் திருத்தி எழுதினோம். நான்காம் கேள்வி போயிற்று. "பாலினம்" மட்டும் இருந்தது: பெண், ஆண், திருநர், சொல்ல விருப்பமில்லை. திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும் பொதுவான திருநர் என்ற சொல்லை ஷாலினியும் நந்திதாவும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அந்தப் பதில் மட்டும் தனிச் சீட்டில், தனிப் பெட்டியில். சூப்பர்வைசரைப் பற்றிய கேள்வி வேறு பேப்பரில். இரண்டையும் யாரும் பொருத்திப் பார்க்க முடியாது. ஒரு பிளான்ட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கிற எண்ணிக்கையைத் தனியாக வெளியே காட்டுவதில்லை, கம்பெனி மொத்தத்தோடு சேர்த்துத்தான் சொல்வது. இது நந்திதாவின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு.

"நான் பெண்ணுனுதான் டிக் அடிப்பேன்" என்றாள் ஷாலினி.

"அது கரீட்டா?" என்றார் தனசேகர்.

"அவ எதுல டிக் அடிக்கிறான்றது அவ பாடுண்ணே" என்றாள் ரேவதி.

தனசேகர் ஒப்புக்கொள்ளவில்லை. தன் கருத்து வேறு என்று மீட்டிங் மினிட்ஸில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

ஹெட் ஆபீஸ் டைரக்டரை ஸ்பீக்கரில் போட்டோம். "மத்த பிளான்ட்ல எல்லாம் சத்தமில்லாம முடிஞ்சிருச்சே, உங்களுக்கு மட்டும் என்ன பிரச்சனை?" என்றார். நான் வாயெடுக்கும் முன் நந்திதா பிடித்துக்கொண்டாள்.

"சார், சத்தமில்லாம முடிஞ்சதுதான் எனக்கு இப்ப பயமா இருக்கு. அங்க எத்தனை பேர் சும்மா டிக் அடிச்சாங்களோ தெரியல. இங்க ஜனங்க படிச்சிருக்காங்க. மத்த பிளான்ட் டேட்டாவோட ஒப்பிட முடியாதுதான். பரவாயில்ல. இந்த பேப்பரை விடுங்க."

அன்று காலைவரை அந்தப் பழைய பேப்பருக்காக வாதாடியவள்! நாங்கள் ஐந்து பேரும் அந்தக் கறுப்பு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றோம். "சரி, டிராயிங் கையெழுத்துக்கு முன்னாடி எனக்கு ரிசல்ட் வரணும்" என்றார். தனசேகர் விசிலடித்தார். டைரக்டர், "என்ன சத்தம்?" என்றார். "மெஷின் சார்" என்றேன்.

4. பெட்டி திறந்த நாள்

மூன்று ஷிஃப்ட்டிலும் பெட்டி வைத்தோம். ஒரு பேப்பர்கூட கிழியவில்லை. வெள்ளிக்கிழமை காலை பெட்டியைக் கவிழ்த்தோம். தாழ்ப்பாள் கேள்வியை மட்டும் முதலில் பிரித்தோம். வேணும், வேணாம் என்று இரண்டு குவியல். வேணும் குவியல் மேஜையில் நிற்காமல் சரிந்து நாற்காலியில் விழுந்தது.

"இதுல லேடீஸ் மட்டும் இவ்வளவா?" என்றாள் ரேவதி.

இல்லை. நான்கு லைன்களின் பேப்பரையும் நிறம் மாற்றி அச்சடித்திருந்தோம். குவியலில் பெரும்பகுதி பிரஸ் ஷாப்பின் மஞ்சள் பேப்பர். ஆண்கள் வேலை செய்யும் லைன் அது. ஓரத்தில் எழுதியும் இருந்தார்கள். "முதுகு பூரா தேமல், சட்டை கழட்ட கஷ்டம்." "பனியன் கிழிசல், கிண்டல் பண்றானுங்க." "சர்க்கரை ஊசி போடணும், மறைவு இல்ல." தனசேகர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோ பேரா மேடம்? ஒருத்தனும் என்னாண்ட வாயத் தொறக்கலியே."

"நீங்க யார்கிட்ட தொறந்தீங்க?" என்றாள் ஷாலினி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ரிசல்ட்டோடு நானும் நந்திதாவும் டைரக்டரிடம் பேசினோம். ஆர்க்கிடெக்ட் முனகினார், இடம் போதாது என்றார், ஸ்டோர் ரூமைக் கொஞ்சம் சுருக்கினார். சாயங்காலம் கையெழுத்தான டிராயிங்கில் பெண்கள் பக்கமும் ஆண்கள் பக்கமும் வரிசையாகத் தாழ்ப்பாள் போட்ட அறைகள். அசெம்ப்ளி லைனுக்குப் பக்கத்திலேயே லேடீஸ் டாய்லெட். ரேவதி டிராயிங்கை லைனுக்கே எடுத்துப் போய் விரித்துக் காட்டினாள். பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். அன்று ப்ரொடக்‌ஷன் கொஞ்சம் குறைந்தது. நானும் அவர்களோடு நின்று பார்த்தேன்.

புது பிளான்ட் கட்டி முடியும்வரை காத்திருக்காமல், பழைய ஹாலிலும் பிளைவுட் வைத்து அறைகள் தடுத்தோம். ஷாலினி கம்பெனியின் பூந்தமல்லி பஸ்ஸில் ரேவதிக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்து போக ஆரம்பித்தாள்.

சொற்சண்டை மட்டும் தீரவில்லை. பால் என்பதுதான் சரி என்பார் தனசேகர். திருநருக்கு இன்னும் விரிவான பட்டியல் வேண்டும் என்பாள் நந்திதா. கட்டமே வேண்டாம் என்பாள் ஷாலினி. ரேவதிக்குப் பெண்களின் எண்ணிக்கை வந்தால் போதும். நான் ஓய்வு பெற்ற விழாவில்கூடப் பிரியாணியைக் கையில் வைத்துக்கொண்டு இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எச்.ஆர். வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. கேள்வித்தாள் எழுதும்போது ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் பென்சிலால் எழுதுங்கள்: பதில் வந்தால் என்ன செய்வேன்? எழுத முடியவில்லை என்றால் கேள்வியை அடித்துவிடுங்கள். எழுத முடிந்தால் தயங்காமல் கேளுங்கள், அதைச் செய்தும் காட்டுங்கள். அப்போது ஜனங்கள் சத்தம் போடுவார்கள், பெஞ்சில் ஏறுவார்கள், உங்கள் வார்த்தை தப்பு என்பார்கள். பயப்படாதீர்கள். உங்கள் பேப்பரை அவர்கள் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.